அத்தைக்குக் காலு

உலகம்மைக்கு ஒரு வயசும் பத்து மாசமும்.
தென்காசி அம்மன் பேரை முழுசாய்க் கூப்பிட்டு முடிப்பதற்குள்
வாசலைத் தாண்டிவிடுகிறாள் என்பதால்
வீட்டில் வெறும் உலகு.

காலை ஏழரைக்குள் அரிசி டப்பா கவிழ்ந்தாயிற்று.
அப்பாவின் சாரத்தைத் தலைவழியே போட்டுக்கொண்டு
சுவரில் ஒருதரம், ஃப்ரிட்ஜில் ஒருதரம்
முட்டியாயிற்று.
பேட்டைக்கு ஆற்றுத் தண்ணி வருவதே அரைமணி நேரம்;
அந்தக் குடத்துக்குள்
என் ஒற்றைச் செருப்பு மிதக்கிறது.
"ஏட்டி, கோட்டி!" என்று கத்தினால்
"ஏத்தி, கோத்தி!" என்று திருப்பிக் கத்துகிறாள்
கைதட்டலும் சேர்த்து.

எங்கள் சொந்தபந்தம் எல்லாம்
உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குப் பின்னால்தான்.
சோகாரில் என் தம்பி, வெள்ளிக்கிழமை மட்டும்.
பிலாயில் பெரியப்பா:
பாதி நெற்றி, ஒரு மின்விசிறி, "எல்லாம் சௌக்கியம்."
தாராவியில் அத்தை ஆவுடைச்செல்வி,
ராத்திரி எட்டேமுக்கால் தவறாது.
"எம் மருமவளே, என்னட்டி தின்னே?"
உலகு தன் வாய்ச்சோற்றை எடுத்து
அத்தை வாயில் அப்புவாள்.
அத்தையும் மென்று காட்டுவாள்.
அவள் கன்னத்துச் சொதியைத்
துணி நனைத்து நான் துடைப்பேன்.

கொடைக்கு வந்தாள் அத்தை.
ரயில் மூன்று மணி நேரம் தாமதம்,
இரண்டு பை, ஒரு தலைவலி.
வாசலில் நின்று கை நீட்டியதும்
என் சேலைக்குள் புகுந்து வீறிட்டது பிள்ளை.
குரல் தெரிந்ததுதான். மூக்குத்தியும் தெரிந்ததுதான்.
இத்தனை பெரிய அத்தையை
அவள் பார்த்ததே இல்லை.

அத்தை சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே கொண்டையை அவிழ்த்து
மறுபடி முடிந்தாள்.
"புதுசுல்லா மைனி, பைய வருவா" என்றேன்.
இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் ஆளைக் காணோம்.
என் போன் அடிக்கிறது.
மொட்டைமாடியில், தொட்டி நிழலில் நின்று கூப்பிடுகிறாள்.
"அத்தே!" என்று பாய்ந்து வந்தது உலகு.
முத்தம், எச்சில், பாதி பிஸ்கட்.
பதினாலு படி உயரத்துக்கு
எந்த ஊர் டவரைச் சுற்றிக்கொண்டு போனதோ
அந்த முத்தம்.

பேசிக்கொண்டே இறங்கினாள்.
குரல் இரண்டாய்க் கேட்டது.
படியில் முதலில் தெரிந்தது கால்:
மெட்டி, வெடித்த குதிகால், அழிந்துபோன மருதாணி.
உலகு போனைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள்.
போனைத் திருப்பி
அதன் முதுகைப் பார்த்தாள்.
குனிந்து மெட்டியைத் தொட்டாள்.
"காலு," என்றாள்.
"அத்தைக்குக் காலு!"

அன்றைக்கு முழுக்க அதுதான் செய்தி.
பக்கத்து வீட்டு சம்சாத் அக்காவுக்கு,
சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு,
பல்லிக்கு.

அத்தை போய்ப் பன்னிரண்டு நாளாகிறது.
இப்போதெல்லாம் போன் வந்தால்
முகம் யாருக்கும் வேண்டாம்.
"காலு!"
தாராவியில் ஈரத் தரையில் ஒரு மெட்டி.
சோகாரில் ஓட்டைச் சாக்ஸ், கட்டைவிரல் வெளியே.
நேற்று பிலாய்.
"காலு, பெய்ப்பா, காலு!"
"இருட்டா இருக்கும்மா," என்றார்.
"காலு!"
"பொறவு காட்டுதேன்."
விடுகிற பிள்ளையா இது.
மின்விசிறி சாய்ந்தது, சுவர் சாய்ந்தது,
ஒரு ஸ்டூல் வந்தது.
ஸ்டூலின்மேல் முழங்கால்வரை வெள்ளைக் கட்டு;
விரல் நாலுதான் இருந்தது.

"சீனிதான், ஒண்ணுமில்லலே" என்றது
படத்தில் இல்லாத வாய்.
"எத்தனை மாசமா?"
இவர் கேட்டதற்குப் பதில் வரவில்லை.
சோற்றில் கைவைத்தபடியே இருந்தார்.

உலகு போனை இரண்டு கையாலும் பிடித்து
தன் முட்டியில் அடிபட்டால் நான் ஊதுவேனே
அதே மாதிரி
கன்னம் உப்ப
ஊதினாள்.
கண்ணாடி முழுக்க ஆவி.